பிள்ளைக்கு உளவியலாளர் தேடும் பெற்றோருக்கு: முதல் போனிலிருந்து கடைசி அமர்வு வரை

என் மகளுக்கு 15 வயதில் பதற்றம் முற்றிப்போய், பள்ளி வாசலைத் தாண்ட முடியாத நிலை வந்தது. அவளுக்கு ஏற்ற உளவியலாளரைக் கண்டுபிடித்து, சரியான சிகிச்சை தொடங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதில் பெரும்பகுதி, யாரும் முழுதாக எடுத்துச் சொல்லாத விஷயங்களை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தெரிந்துகொள்ளவே போனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒரு பெற்றோர். சட்டமும் காப்பீட்டு விதியும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நடைமுறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால், இந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளையின் இந்தப் பிரச்சினைக்கு என்ன சிகிச்சை கொடுக்கப் போகிறீர்கள்? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்? அதை எதை வைத்து அளப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் போனால் பாதிக் கவலை குறைந்துவிடும்.

1. முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

உளவியலாளர் தேடுவதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் 15 முதல் 29 வயதுக்காரர்களின் மரணத்துக்கு மூன்றாவது பெரிய காரணம் தற்கொலை. கூச்சப்பட்டுக் கேட்காமல் விடக்கூடிய விஷயம் இல்லை இது.

எப்படிச் செய்வது என்று யோசித்து வைத்திருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருந்தாலோ, இன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையான பொருட்கள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்து எடை வேகமாக இறங்குவது, மயங்கி விழுவது, யாரும் பேசாதபோது குரல் கேட்பதாகச் சொல்வது, நாள்கணக்கில் தூங்காமலேயே அளவுக்கு மீறிய சுறுசுறுப்போடு இருப்பது இவற்றில் எதைப் பார்த்தாலும் உளவியலாளருக்கான காத்திருப்புப் பட்டியலில் நிற்காதீர்கள். நேரே மருத்துவரிடம் போங்கள்.

2. யார் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் பிரச்சினையை மதிப்பிட்டு, சோதனைகள் நடத்தி, பேச்சு மூலமாகவும் பயிற்சி மூலமாகவும் சிகிச்சை தருவார். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து எழுத முடியாது. கவுன்சலர் என்ற பெயரில் இருப்பவர்களின் படிப்பு பல ஆண்டுப் பட்டமாகவும் இருக்கலாம், சில வாரச் சான்றிதழாகவும் இருக்கலாம்.

பொறி எங்கே என்றால், ‘தெரபிஸ்ட்’, ‘மைண்ட் கோச்’ போன்ற பெயர்களைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. பெயருக்கு முன்னால் இருக்கும் ‘டாக்டர்’ பட்டமும் வேறு ஏதோ துறையில் வாங்கிய ஆராய்ச்சிப் பட்டமாக இருக்கலாம். அதனால் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவேடு இணையத்தில் இருந்தால் சில நிமிட வேலைதான். எண்ணைக் கேட்டதற்கே கோபப்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, அவரிடம் வருபவர்களில் எத்தனை பேர் 18 வயதுக்குக் கீழே என்று கேளுங்கள். பெரியவர்களோடு நன்றாக வேலை செய்யும் ஒருவர், பேசவே பேசாத 13 வயதுப் பையனோடு தடுமாறலாம். பதின்பருவத்தினரோடு வேலை செய்வது தனிப் பயிற்சி.

3. குடும்ப மருத்துவரைப் பாருங்கள், ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள்

தைராய்டு கோளாறு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு, வேறு மருந்தின் பக்கவிளைவு இவையெல்லாம் சோர்வாகவும் எரிச்சலாகவும் படபடப்பாகவும் வெளியே தெரியலாம். முதலில் ஒரு பொது மருத்துவரையோ குழந்தைநல மருத்துவரையோ பார்த்து இவற்றை விலக்கிவிடுவது நல்லது. அதே சந்திப்பில் பரிந்துரைக் கடிதமும் வாங்கிவிடுங்கள். சில காப்பீடுகள் அந்தக் கடிதம் இல்லாமல் பணம் தராது. சில அரசு மருத்துவமனைகள் கடிதம் இல்லாமல் பெயரையே பதியாது. கடிதத்தின் தேதி முதல் அமர்வுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பிறகு வாங்கிக் கொடுத்தால் ஏற்காமல் போகலாம்.

ஃபைலில் இருக்க வேண்டியவை:

- பரிந்துரைக் கடிதம், பழைய மருத்துவ அறிக்கைகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும்
- கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் அறிக்கையும் வருகைப் பதிவும். முடிந்தால் வகுப்பாசிரியரின் ஒரு பக்கக் குறிப்பு
- எப்போது நடந்தது, எப்போது பேசியது என்ற சிறுவயதுக் குறிப்புகள் (ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, ஆட்டிசம் இவற்றின் மதிப்பீட்டில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்)
- நெருங்கிய உறவில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்ற விவரம்
- பிள்ளையின் அடையாளச் சான்று, காப்பீட்டு அட்டை
- பெற்றோர் பிரிந்திருந்தால், பிள்ளையின் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமை யாருக்கு என்று காட்டும் நீதிமன்ற ஆவணம்

கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பேரின் கையெழுத்தும் தேவை என்று முதல் அமர்வு அன்று தெரியவந்தால் அந்த அமர்வே வீணாகும், மறுபடி தேதி வாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் நகல் கொடுங்கள், அசலை வீட்டில் வையுங்கள்.

இதோடு ஒரே ஒரு பக்கத்தில் உங்கள் குறிப்பையும் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், இதனால் எதெல்லாம் நின்றுபோனது. "எப்பவும் டென்ஷனா இருக்கா" என்பது யாருக்கும் உதவாது. "பள்ளி உள்ள நாட்களில் காலையில் வயிற்றுவலி, விடுமுறையில் இல்லை, நண்பர்களுக்கு போன் பண்ணுவது நின்று இரண்டு மாதம் ஆகிறது" என்று எழுதினால், உளவியலாளர் முதல் அரை மணி நேரத்தைத் தகவல் தோண்டுவதில் செலவிட வேண்டியிருக்காது. அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

4. எந்தப் பிரச்சினைக்கு எந்தச் சிகிச்சை

இதில்தான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன். இந்தப் பகுதி தெரியாமல் உளவியலாளரிடம் பேச உட்கார்ந்தால், சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத்தான் வருவீர்கள்.

பதற்றத்துக்கு முதல் தேர்வு சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. அதன் உயிர்நாடி ‘எக்ஸ்போஷர்’. பிள்ளை எதைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறதோ, அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வைப்பது. 2008-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர் பங்கேற்றார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, சிபிடி மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். செர்ட்ராலின் மருந்து மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. அதனால் உளவியலாளர் வாரக்கணக்கில் மூச்சுப் பயிற்சியும் ஆறுதல் பேச்சுமாகவே ஓட்டினால், "எக்ஸ்போஷர் எப்போது தொடங்குவோம்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வேண்டாத பயமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலுமாக வரும் ஓசிடி-க்கும் இதே வகைச் சிகிச்சைதான், ஆனால் உளவியலாளருக்கு அதில் தனிப் பயிற்சி வேண்டும். பயத்தை எதிர்கொள்ள வைத்து, அதற்குப் பின் செய்யும் சடங்கை (கை கழுவுவது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது) செய்யவிடாமல் பழக்குவது. "ஒண்ணும் ஆகாதும்மா" என்று வீட்டில் நாம் சொல்லிக்கொண்டே இருக்கும் சமாதானமும் ஓசிடி-க்குத் தீனிதான். அதை எப்படிக் குறைப்பது என்று பெற்றோருக்கும் சொல்லித்தர வேண்டும்.

மனச்சோர்வுக்கு சிபிடி, அப்புறம் உறவுச் சிக்கல்களை மையமாக வைத்து சுமார் 12 வாரம் நடக்கும் ஐபிடி. இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2004-ல் வெளியான இன்னொரு ஆய்வில், 12 முதல் 17 வயது வரையிலான, மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ள 439 பேரைப் பார்த்தார்கள். 12 வாரத்தில் ஃப்ளுவாக்ஸெட்டின் மருந்தும் சிபிடி-யும் சேர்ந்து 71 சதவீதம் பேருக்கு உதவியது, மருந்து மட்டும் 61, சிபிடி மட்டும் 43. 36-வது வாரத்தில் மூன்று குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதாவது பேச்சு சிகிச்சை வேலை செய்கிறது, ஆனால் கடுமையான மனச்சோர்வில் மெதுவாகச் செய்கிறது. உளவியலாளர் "ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள்" என்றால் பதறிப்போய் மறுத்துவிடாதீர்கள். மருந்து தொடங்கினால் முதல் சில வாரங்களும், அளவு மாற்றும்போதும், கூடுதலாகக் கவனியுங்கள். இளைஞர்களில் சிலருக்கு அந்தக் கட்டத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004 முதலே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்து வருகிறது.

மனத்தை உலுக்கிய சம்பவத்துக்குப் பிறகான பாதிப்புக்கு, அதற்கென்றே அமைந்த சிபிடி இருக்கிறது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வு, பெற்றோரும் இணையாகக் கலந்துகொள்வார்கள். சம்பவம் நடந்த உடனே பிள்ளையை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேச வைக்கும் ஒற்றை அமர்வைப் பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைச் செய்யக்கூடாது என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்துக்கு டிபிடி, அதாவது கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் சிகிச்சை. தனி அமர்வு, திறன் பயிற்சிக் குழு என்று பல மாதம் போகும். அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாறுக்கு, சாப்பாட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாகப் பெற்றோர் கையில் எடுக்கும் குடும்பவழிச் சிகிச்சை. இதற்கு 6 முதல் 12 மாதம் ஆகலாம். பெற்றோரில் ஒருவர் தொடக்கத்தில் வேலையிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டிவரும், முன்கூட்டியே திட்டமிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் அடம், ஆத்திரம், ஏடிஹெச்டி ஆகியவற்றுக்கு முதலில் சிகிச்சை அறைக்குப் போக வேண்டியது பெற்றோர்தான். பெற்றோருக்கான பயிற்சிதான் அங்கே சிகிச்சை. ஏடிஹெச்டி உள்ள பிள்ளையைத் தனியே உட்கார வைத்து வாரம் ஒருமுறை பேசுவதால் மட்டும் கவனக்குறைவு சரியாவதில்லை.

பிள்ளை வரவே மாட்டேன் என்கிறதா? பதற்றத்துக்கு யேல் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்பேஸ்’ என்ற முறையில் பெற்றோர் மட்டும் அமர்வுகளுக்குப் போகிறார்கள். பிள்ளையின் பயத்துக்கு வீடே வளைந்துகொடுப்பதை எப்படிக் குறைப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைக்கே நேரடியாக சிபிடி கொடுத்ததற்கு இணையான பலன் இதில் கிடைத்ததாக 2020-ல் ஆய்வு வெளியானது. எனக்கு இது மிகப் பெரிய ஆறுதலாக இருந்தது. ‘பிள்ளை ஒத்துழைக்கவில்லை, ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பேச்சை இனி ஏற்க வேண்டியதில்லை.

மிரட்டித் திருத்தும் முகாம்கள் பக்கமே போகாதீர்கள். கண்டிப்பால் பிள்ளையை நேராக்குவதாகச் சொல்லும் சில திட்டங்கள் பிரச்சினையை அதிகமாக்கியதாகவே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

5. போன் செய்து கேளுங்கள்

பதிவு எண் சரிபார்த்த உளவியலாளர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். முதல் 10, 15 நிமிடப் பேச்சுக்குப் பலர் பணம் வாங்குவதில்லை. பிரச்சினையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நல்ல பதில் இப்படி இருக்கும்: "முதல் இரண்டு அமர்வு மதிப்பீடு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சமூகப் பதற்றம் மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல நேரில் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் எக்ஸ்போஷரோடு சிபிடி, 12 முதல் 16 வாரம். நாலு வாரத்துக்கு ஒருமுறை வினாத்தாள் வைத்துப் பார்ப்போம். மாதம் ஒருமுறை உங்களோடு தனியாகப் பேசுவேன்."

கவலைப்பட வேண்டிய பதில்கள் வேறு மாதிரி இருக்கும். "எல்லா முறையையும் கலந்து செய்வேன்" என்றால் எதற்கு எதை என்று மேலே கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். "நூறு சதவீதம் குணமாகும்" என்பவரை நம்பாதீர்கள். மனநல மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் போகவே போகாதீர்கள், சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பெற்றோருக்கு எதுவுமே சொல்ல மாட்டேன் என்பவரும் சரியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்பவரும் சரியில்லை.

அதற்காக, ஆய்வுச் சான்றுள்ள சிகிச்சை என்றால் புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் வரையறையிலேயே ஆய்வு முடிவு, சிகிச்சை தருபவரின் அனுபவம், சிகிச்சை பெறுபவரின் சூழலும் விருப்பமும் என்று மூன்றும் சேர்கின்றன. "இந்த முறையில் இந்த இடத்தை உங்கள் மகளுக்காக இப்படி மாற்றுவேன்" என்று காரணத்தோடு சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

6. செலவை முழுதாகக் கணக்குப் போடுங்கள்

ஒரு அமர்வுக்கான கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மொத்தச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். 14 அமர்வு என்றால் கட்டணத்தை 14-ஆல் பெருக்குங்கள். முதல் மதிப்பீட்டு அமர்வு நீளமானது, பல இடங்களில் அதற்குக் கட்டணம் அதிகம். பள்ளிக்கு எழுதும் கடிதம், விரிவான அறிக்கை, ஆசிரியரோடு போனில் பேசுவது இவற்றுக்கெல்லாம் தனிக் கட்டணம் இருக்கலாம். அமர்வை ரத்து செய்தால் 24 அல்லது 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கட்டணம் என்ற விதி பரவலாக உண்டு. பதற்றமுள்ள பிள்ளை கடைசி நிமிடத்தில் வர மறுப்பது சகஜம். அந்த நாளில் பெற்றோர் மட்டும் வரலாமா, வீடியோவில் பேசலாமா என்று முன்பே கேட்டு வைத்தால் அந்தப் பணம் வீணாகாது.

பணம் அதிகமாகக் கரையும் இடம் சோதனைகள். அறிவுத்திறன், நினைவாற்றல், ஆளுமை என்று ஒரு பெரிய சோதனைத் தொகுப்பைச் சிலர் எல்லோருக்கும் எழுதிவிடுகிறார்கள். கற்றல் குறைபாடு, ஏடிஹெச்டி, ஆட்டிசம் போன்ற சந்தேகம் இருந்தால் அவற்றில் சில தேவைப்படும். தெளிவான பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ நேர்காணலும் சில வினாத்தாள்களும் பொதுவாகப் போதும். "இந்தச் சோதனையின் முடிவு சிகிச்சையில் எதை மாற்றும்?" என்று கேளுங்கள்.

முன்பணமாக இருபது முப்பது அமர்வுகளுக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்களிடம் ஓரிடத்தில் அப்படிக் கேட்டார்கள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்று கேட்டதற்கு எழுத்தில் எந்தப் பதிலும் வரவில்லை. நாங்கள் கட்டாமல் வந்துவிட்டோம். அமர்வுக்கு அமர்வு கட்டுங்கள்.

காப்பீடு இருந்தால் முதல் அமர்வுக்கு முன்பே அவர்களிடம் கேட்க வேண்டியவை: மனநலச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு எத்தனை அமர்வு? முன் அனுமதி வேண்டுமா? இந்த உளவியலாளர் அவர்கள் பட்டியலில் இருக்கிறாரா? ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும்? பெரும்பாலும் பதிவு எண், தேதி, அமர்வின் நேரம், நோயறிதல் குறியீடு எல்லாம் கேட்பார்கள். அந்தக் குறியீடு யார் யாருடைய பதிவேட்டுக்குப் போகும் என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள், போனில் சொன்னது பிறகு நிற்காது.

கையில் பணம் குறைவாக இருந்தால் வழி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகங்களின் பயிற்சி கிளினிக்குகளில் முதுநிலை மாணவர்கள், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருகிறார்கள். என் கருத்தில் இது நல்ல தேர்வு, ஏனென்றால் ஒவ்வொரு அமர்வையும் இன்னொருவர் சேர்ந்து பரிசீலிக்கிறார். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவு, குழுச் சிகிச்சை, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் உளவியலாளர்கள் என்றும் தேடலாம். சிகிச்சையாளரின் துணையோடு இணையம் வழியாக நடக்கும் சிபிடி-க்கும், குறிப்பாகப் பதற்றத்துக்கு, ஆய்வுச் சான்று இருக்கிறது. கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள்

ஒரே பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள், மூன்று நான்கு இடங்களில் கொடுங்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடும் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டு அதிலும் சேருங்கள். பள்ளி முடிந்த பிறகான மாலை நேரம்தான் எல்லோருக்கும் வேண்டும், அது கடைசியில்தான் காலியாகும். காலை நேரத்துக்கு ஒப்புக்கொண்டால் பல வாரம் முன்னதாகவே இடம் கிடைக்கலாம். நிலைமை மோசமானால் அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள், முன்னுரிமை மாறக்கூடும்.

இடைப்பட்ட காலத்தில் எழும் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். பள்ளியை முழுதாக நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடவேளையாவது போய்வரட்டும், அதற்குப் பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். ஒதுங்கியிருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும்.

8. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது

ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். "உன்கிட்ட ஏதோ தப்பு இருக்கு, சரி பண்ணணும்" என்றும் சொல்லாதீர்கள். "உனக்குக் காலையில் வரும் அந்தப் படபடப்பு எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத் தெரியுது. அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. மூணு தடவை போய்ப் பார்ப்போம், அப்புறம் உன் கருத்தைச் சொல்லு." இந்த அளவு போதும். ஆணா பெண்ணா, நேரிலா வீடியோவிலா, எந்தக் கிழமை என்று தேர்வு செய்யும் விஷயங்களைப் பிள்ளையிடமே விடுங்கள்.

ரகசியம் காப்பது பற்றிய விதியை முதல் அமர்விலேயே மூவரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பேசுவது பொதுவாக அறைக்குள்ளேயே இருக்கும். தன் உயிருக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவது தெரியவந்தால் மட்டும் வெளியே சொல்லப்படும். இதை எழுத்தில் வாங்குங்கள். வீடு திரும்பும் வழியில் "என்ன பேசினீங்க?" என்று துருவாதீர்கள். எங்கள் வீட்டில் இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது, ஆனால் கேட்காமல் இருந்தபோதுதான் அவளாகவே சிலதைச் சொன்னாள்.

9. முதல் சில வாரங்கள்

வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம். முதல் ஒன்றிரண்டு அமர்வில் வினாத்தாள் தருவார்கள். பிள்ளையின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களைப் பொதுவாகப் பார்க்கும் எஸ்டிக்யூ 25 கேள்விகள், பெற்றோரும் ஆசிரியரும் பதின்பருவத்தினரும் தனித்தனியே நிரப்புவது. மனச்சோர்வுக்கு பிஹெச்க்யூ-9, அதிகபட்சம் 27 மதிப்பெண். பதற்றத்துக்கு ஜிஏடி-7, அதிகபட்சம் 21. ஆர்கேட்ஸ் 47 கேள்விகள், இரண்டையும் சேர்த்தே பார்க்கும். இந்த முதல் மதிப்பெண்களின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.

இலக்கும் எழுத்தில் இருக்கட்டும். "நன்றாக ஆக வேண்டும்" என்பது அளக்க முடியாத இலக்கு. "வகுப்பில் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்பது", "வாரத்தில் நான்கு நாள் முழு நேரம் பள்ளியில் இருப்பது" என்று எழுதுங்கள். அதைச் சொல்ல வேண்டியது பிள்ளை.

அமர்வுகளுக்கு இடையே வீட்டில் செய்யும் பயிற்சியில்தான் சிகிச்சையின் பாதி நடக்கிறது. நீச்சல் பாடத்தைக் கரையில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் நீந்த வராது. எக்ஸ்போஷர் தொடங்கும் வாரங்களில் பிள்ளை முன்பைவிட அதிகமாக அழலாம், கோபப்படலாம். இதை எதிர்பார்த்து இருங்கள். அந்த நேரம் பார்த்துச் சிகிச்சையை நிறுத்திவிடும் பெற்றோர் நிறைய. தாங்க முடியாத அளவு என்று தோன்றினால் உளவியலாளரிடம் படியைச் சிறியதாக்கச் சொல்லுங்கள்.

10. பலன் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது

ஐந்தாறு அமர்வு முடிந்ததும் ஒரு பரிசீலனை அமர்வு கேளுங்கள். அதே வினாத்தாள்களை மறுபடி நிரப்பி, பழைய மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். அதற்குள் முழுக்கக் குணமாகியிருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏதோ ஒரு அசைவு தெரிய வேண்டும். 12 வாரம் போயும் மதிப்பெண்ணும் மாறவில்லை, அன்றாட வாழ்க்கையும் மாறவில்லை என்றால் திட்டம் மாற வேண்டும். நோயறிதல் சரியா? பயிற்சி உண்மையில் வீட்டில் நடக்கிறதா? மருந்து சேர்க்க வேண்டுமா? வேறு சிகிச்சை முறையா? "பொறுமையா இருங்க" என்பது மட்டுமே பதிலாக வந்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

பிள்ளைக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்தான். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்போஷர் தொடங்கிய அதே வாரம் "அவங்களைப் பிடிக்கலை" என்று சொன்னால், பிடிக்காதது அவரையா, அந்தப் பயிற்சியையா என்று பிரித்துப் பாருங்கள். மாற்றுவதென்றால் திடீரென்று நின்றுவிடாமல் ஒரு முடிவு அமர்வு வைத்து, இதுவரை என்ன செய்தோம் என்ற சுருக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். புதியவர் மதிப்பீட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது, அந்தச் செலவும் மிஞ்சும்.

11. பள்ளியும் முடிவும்

தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, படிப்படியாக வகுப்புக்குத் திரும்புவது போன்ற சலுகைகளுக்கு உளவியலாளரின் கடிதம் வேண்டும். தேர்வு வாரியங்களுக்குக் கடைசித் தேதி உண்டு, அது தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடலாம். ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். கடிதத்தில் நோயின் முழு விவரம் தேவையில்லை. என்ன சலுகை, எவ்வளவு காலம், ஏன் தேவை என்று இருந்தால் போதும். அனுப்பும் முன் பிள்ளையும் அதைப் படிக்கட்டும்.

சிகிச்சை நன்றாகப் போனால் அமர்வுகள் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி கூடும். கடைசி அமர்வுகளில், பழைய அறிகுறி திரும்பினால் என்ன செய்வது என்று பிள்ளையின் சொந்த வார்த்தைகளில் ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். முடிவறிக்கையும் கடைசி மதிப்பெண்களும் கையில் வர வேண்டும். அப்புறம், கிளம்பும் முன் வரவேற்பறையிலேயே மூன்று மாதம் கழித்து ஒரு மறுபார்வை அமர்வுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். ஃபைலை எத்தனை மாதம் திறந்து வைத்திருப்பார்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஃபைலை மூடிவிட்டால், திரும்பி வருபவரும் காத்திருப்புப் பட்டியலின் கடைசியில்தான் சேர வேண்டும்.